ஒரு சாண் இடம்: சாலையில் ஓடும் ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்த சஸ்பென்ஷன்?

பழைய கார் பார்க்கப் போகிறவர் முதலில் செய்கிற காரியம் ஒன்று உண்டு. முன்பக்க மட்கார்டில் உள்ளங்கையை ஊன்றி ஓர் அமுக்கு அமுக்கிவிட்டுக் கையை எடுப்பார். வண்டி எழுந்து ஒரே தடவையில் அடங்கினால் ஷாக் உயிரோடு இருக்கிறது. இரண்டு மூன்று தடவை ஆடினால் போய்விட்டது, விலையைக் குறைத்துக் கேட்கலாம். இந்தச் சோதனையில் தப்பே இல்லை. ஆனால் ஸ்போர்ட்ஸ் கார்க்காரர்களில் பலர் இதைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்கிறார்கள். அமுக்கினால் அசையவே இல்லை, ஆகவே இது உயர்ந்த சஸ்பென்ஷன். பந்தய வண்டி அப்படித்தானே நிற்கிறது என்பது வாதம்.

பந்தய வண்டி அப்படி நிற்பதற்குக் காரணம் அது ஓடும் தரை. சமையலறை மேடைபோல வழவழப்பாகப் போட்ட தடத்தில் சக்கரம் அதிகம் ஏறி இறங்க வேண்டியதில்லை. அலுவலகத்துக்கும் கடைக்கும் போய், ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் மலைப்பாதையில் ஏறும் வண்டிக்குத் தரை அப்படி அமைவதில்லை. ஒட்டுப்போட்ட தார், பாலத்தின் இணைப்பு, மூடி உயர்ந்த சாக்கடைக் குழி, வேகத்தடை எல்லாவற்றையும் ஒரே ஸ்பிரிங் சமாளித்தாக வேண்டும்.

இந்தக் கேள்வியை ஒரு குறிப்பிட்ட வண்டியை வைத்துப் பேசுவதே நல்லது. நான் எடுத்துக்கொள்வது மாஸ்டா எம்எக்ஸ்-5. 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் வெளிவந்தது. அமெரிக்காவில் மியாட்டா, ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்று பெயர். முன்னால் இன்ஜின், பின்சக்கர இழுவை, இரண்டே இருக்கை, ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைந்த எடை. முதல் இரண்டு தலைமுறைகளில் நான்கு மூலையிலும் இரட்டை விஷ்போன், அதாவது சக்கரத்தை மேலும் கீழும் பிடிக்கும் இரண்டு கைகள். அடுத்த இரண்டில் பின்பக்கம் மல்டி லிங்க் ஆனது. 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது வண்டி தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது. இத்தனை பேர் வாங்கியதில் நமக்கு ஒரு லாபம் இருக்கிறது. இந்த வண்டியின் சஸ்பென்ஷனில் செய்யக்கூடிய நல்லதையும் கெட்டதையும் யாரோ ஒருவர் ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டார்.

எதை வாங்குவது என்று கேட்டால் உடனே ஷாக் கம்பெனிப் பெயர்கள் வரிசையாக வந்து விழும். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: சக்கரம் மேலும் கீழும் போக எவ்வளவு இடம் இருக்கிறது, அதை எப்படிச் செலவழிக்கப் போகிறோம்?

இடத்தின் கணக்கு

ஜாக்கி போட்டுத் தூக்கினால் சக்கரம் தொங்கும். அந்த நிலையிலிருந்து முழுக்க அமுங்கிய நிலை வரைக்கும் உள்ள தூரம் சிறிய ஸ்போர்ட்ஸ் காரில் ஒரு சாணுக்கும் குறைவு. வண்டி தன் எடையோடு தரையில் நிற்கும்போதே அதில் ஒரு பங்கு தீர்ந்துவிடும். மேட்டை விழுங்குவதற்கு என்று மிஞ்சுவது சில அங்குலம்தான். சஸ்பென்ஷன் பற்றிய விவாதம் எல்லாமே கடைசியில் இந்தச் சில அங்குலத்துக்கான அடிதடி என்பது என் கட்சி.

எண்களில் பார்ப்போம். ஒரு மூலையில் ஸ்பிரிங் தாங்கும் எடை 220 கிலோ என்று வையுங்கள். இந்த எடை ஒரு நொடிக்கு 1.5 தடவை ஏறி இறங்கும்படி, அதாவது 1.5 ஹெர்ட்ஸில் ஆடும்படி, ஸ்பிரிங் போட்டால் சக்கரத்தின் இடத்தில் அதன் கடினம் மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 2 கிலோ. ஆனால் ஸ்பிரிங் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்திருப்பதில்லை. விஷ்போனில் உள்ளே தள்ளி நிற்கிறது. சக்கரம் 10 மி.மீ. ஏறும்போது ஸ்பிரிங் 7 மி.மீ. மட்டும் அமுங்கினால், அந்த 0.7ஐ வர்க்கப்படுத்தி வகுக்க வேண்டும். ஆக ஸ்பிரிங் மில்லிமீட்டருக்கு 4 கிலோ. அதே வண்டியை 2.2 ஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோக விரும்பினால் 8.7 கிலோ ஸ்பிரிங் வேண்டும். ஜப்பானிய செட்டுகளின் பெட்டியில் 8 கிலோ, 6 கிலோ என்று அச்சடித்திருப்பது இந்தக் கணக்கைத்தான். 0.7 என்கிற விகிதம் வண்டிக்கு வண்டி மாறும். அதனால் ஒரு வண்டியின் 8 கிலோவை இன்னொரு வண்டியின் 8 கிலோவோடு ஒப்பிடுவது, ஒருவர் சட்டை அளவைச் சொல்லி இன்னொருவருக்குத் துணி எடுப்பதுபோல.

சாதாரண குடும்பக் கார் 1 முதல் 1.5 ஹெர்ட்ஸுக்குள் ஆடும். சாலை ஸ்போர்ட்ஸ் கார்கள் பெரும்பாலும் 1.5 முதல் 2 வரை. இறக்கை வைக்காத பந்தயக் கார்கள் 2க்கு மேல். காற்றழுத்தத்தை நம்பும் வண்டிகள் 3, 4 என்று ஏறிப்போகும். அவை வண்டியின் அடித்தளத்தைத் தரையிலிருந்து ஒரே உயரத்தில் பிடித்து வைப்பதற்காக ஓட்டுநரின் முதுகெலும்பைப் பலி கொடுக்கின்றன. நமக்கு அந்தக் காற்றும் இல்லை, கோப்பையும் இல்லை.

மோட்டார் வண்டியின் தொடக்க காலத்திலேயே ஃபிரெடரிக் லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், மனிதன் நடக்கும்போது உடம்பு ஏறி இறங்கும் தாளத்தோடு ஸ்பிரிங்கின் தாளம் ஒத்துப்போக வேண்டும் என்று கருதினார். நடந்து பழகிய உடம்புக்கு அந்த ஆட்டம் அந்நியமாகத் தெரியாது. மாறாக, செங்குத்தான அதிர்வில் 4 முதல் 8 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதிதான் மனித உடம்புக்கு ஆகவே ஆகாதது. வயிறு குலுங்குவது அங்கே. ஸ்பிரிங் கடினமாக ஆக, சாலையின் குலுக்கலில் அந்தப் பகுதி வடிகட்டப்படாமல் நேராக இருக்கைக்கு வந்து சேர்கிறது.

இனி உயரத்துக்கு வருவோம். நிற்கும் நிலையிலிருந்து மேலே போகச் சக்கரத்துக்கு 80 மி.மீ. இருக்கிறது என்போம். அழகுக்காக வண்டியை 30 மி.மீ. இறக்கினால் மிச்சம் 50. ஸ்பிரிங் விழுங்கும் ஆற்றல், அமுங்கும் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதே மேட்டை அதே வேகத்தில் தட்டாமல் தாண்ட ஸ்பிரிங் முன்னைவிட இரண்டரை மடங்குக்கும் கூடுதல் கடினமாக வேண்டும். கடையில் கிடைக்கும் ‘இறக்கும் ஸ்பிரிங்’ செட்டுகள் ஒரிஜினலைவிடச் சற்றே கடினமானவை, அவ்வளவுதான். மீதிக் கணக்கை யார் தீர்ப்பது? பம்ப் ஸ்டாப் என்கிற ரப்பர் கட்டை.

இறக்கிய வண்டிகள் துள்ளித் துள்ளிப் போவதைப் பார்த்து ‘ஸ்பிரிங் ரொம்பக் கடினம்’ என்று பலர் சொல்வார்கள். பல நேரங்களில் ஸ்பிரிங் பாவம் ஒன்றும் செய்யவில்லை. வண்டி ரப்பர் கட்டைமேல் உட்கார்ந்து பயணம் போகிறது. திருப்பத்தில் அது இன்னும் ஆபத்து. வண்டி சாய்ந்து வெளிப்பக்கச் சக்கரம் கட்டையைத் தொட்ட அந்தக் கணத்தில் அந்த மூலையின் கடினம் பல மடங்கு தாவும். அந்தப் பக்க டயர் பிடிப்பை விட்டுவிடும். அது பின்சக்கரமாக இருந்தால் வண்டி சுழலும். முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 சொந்தக்காரர்கள் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். அதற்கு அவர்கள் கண்ட மலிவான மருந்து, ஷாக்கின் தலையை வண்டியுடலோடு இணைக்கும் டாப் மவுண்டை இரண்டாம் தலைமுறை வண்டியிலிருந்து கொண்டுவந்து மாட்டுவது. அதன் வடிவத்தால் ஷாக் தண்டுக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் கிடைக்கிறது. பெரிய பெயர் பொறித்த ஷாக்கைவிட இந்தச் சின்னத் தகரக் கிண்ணம் சவாரியை மாற்றியது என்று சொல்கிறவர்கள் உண்டு. நம்புகிறேன்.

கட்டையே எதிரி என்று அறுத்தெறிவதும் தவறு. நுண்குமிழ்கள் நிறைந்த நல்ல பாலியுரித்தேன் கட்டை மெதுவாகத் தொட்டு, போகப் போக இறுகும். அது இரண்டாவது ஸ்பிரிங் மாதிரி. பல தொழிற்சாலைகள் அதை அப்படித்தான் கணக்கில் சேர்த்து வடிவமைக்கின்றன. தொடவே கூடாது என்பதல்ல, தொடுவது எப்போது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முன்னா, பின்னா?

மோரிஸ் ஆலி என்ற பொறியாளர் பிரிட்டனில் பிறந்து, ரோல்ஸ் ராய்ஸில் வேலை பார்த்து, 1930களில் ஜெனரல் மோட்டார்ஸுக்குப் போனவர். முன்னும் பின்னும் எடைகளை நகர்த்தி வைக்கக்கூடிய ஒரு சோதனை வண்டியைக் கட்டி, ஆட்டத்தை ஒவ்வொன்றாக மாற்றி, தானே உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தார். அவர் கண்டது எளியது. மேட்டில் முதலில் ஏறுவது முன்சக்கரம்; பின்சக்கரம் தாமதமாகத்தான் வருகிறது. முன்னும் பின்னும் ஒரே தாளத்தில் ஆடினால், பின்பக்கம் எப்போதும் அந்தத் தாமதத்தோடு ஆடி, வண்டி கடலில் படகுபோல மூக்கைத் தூக்கித் தூக்கிப் போகும். பின்பக்கத்தின் தாளத்தைச் சற்றே வேகமாக வைத்தால் அது ஓடிவந்து முன்பக்கத்தைப் பிடித்துவிடும். பிறகு இரண்டும் சேர்ந்து தட்டையாக ஏறி இறங்கும். எம்எக்ஸ்-5 அளவுக்கு 2.3 மீட்டர் வீல்பேஸ் உள்ள வண்டி 80 கி.மீ. வேகத்தில் போனால் அந்தத் தாமதம் நொடியில் பத்தில் ஒரு பங்கு. குட்டை வண்டியில் மூக்கு ஆட்டம் அதிகம் தெரிவதால் ஆலியின் சூத்திரம் அதற்கு இன்னும் முக்கியம்.

ஆனால் சந்தையில் விற்கும் செட்டுகளில் பல இதற்கு நேரெதிராக முன்பக்கத்தைத் தூக்கலாகக் கடினப்படுத்தி வருகின்றன. காரணம் பாதுகாப்பு. முன் கடினமாக இருந்தால் பிடிப்பின் எல்லையில் முன்சக்கரம் முதலில் வழுக்கும். பழக்கமில்லாத ஓட்டுநர் அதைச் சமாளிப்பார். தவறு என்று சொல்ல முடியாது. நெடுஞ்சாலையில் தலையாட்டும் பொம்மைபோல ஆகும்போதுதான் விலை தெரியும்.

இந்த முன்-பின் சமநிலை எவ்வளவு நுட்பமானது என்பதற்கு 2012ல் வந்த இரட்டையர்கள் சாட்சி. டொயோட்டா 86, சுபாரு பிஆர்இசட் இரண்டும் ஒரே தொழிற்சாலையின் ஒரே வண்டி. சுபாரு முன் ஸ்பிரிங்கைக் கடினமாகவும் பின் ஸ்பிரிங்கை மென்மையாகவும் போட்டது. டொயோட்டா அதன் எதிர்ப்பக்கம் சாய்ந்தது. ஸ்பிரிங்கிலும் ஷாக்கிலும் இருந்த இந்தச் சிறு வேறுபாட்டாலேயே ஒன்று நிதானி, மற்றது வாலாட்டி என்று பெயர் வாங்கின. அந்த இரண்டிலும் போட்டுவந்த டயர் பிரியஸ் காரில் வரும் மிஷெலின் வகை என்று அப்போது கேலி செய்தவர்கள் ஏராளம். பிடிப்பு குறைந்த டயர் என்றால் சஸ்பென்ஷன் செய்வது குறைந்த வேகத்திலேயே கைக்குத் தெரியும் என்பதுதான் அதன் நோக்கம். அந்தக் கேலியில் நான் சேரவில்லை.

கடினம் என்றால் பிடிப்பா?

ஸ்பிரிங்கைக் கடினமாக்கினால் திருப்பத்தில் எடை வெளிப்பக்கம் போவது குறையும் என்பது பரவலான நம்பிக்கை. குறையாது. ஒரு டன் வண்டி, எடைமையம் 45 செ.மீ. உயரத்தில், இடது வலது சக்கரங்களுக்கு இடையே 1.45 மீட்டர், திருப்பத்தில் புவியீர்ப்பின் 0.8 பங்கு விசை என்று வைத்தால் உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கத்துக்கு மாறும் எடை சுமார் 248 கிலோ. ஸ்பிரிங் பஞ்சாக இருந்தாலும் பாறையாக இருந்தாலும் ஏறக்குறைய அதே எண்தான். ஸ்பிரிங்கும், இடது வலது சக்கரங்களை இணைக்கும் ஆன்டி ரோல் பாரும் முடிவு செய்வது இரண்டை மட்டும்: வண்டி எவ்வளவு சாயும், அந்த 248 கிலோவில் முன்பக்கம் எவ்வளவு, பின்பக்கம் எவ்வளவு சுமக்கும். வண்டியை 25 மி.மீ. இறக்கினால் அந்த எண் 234 ஆகும். பதினாலு கிலோ லாபம். அதற்கு விலையாக விழுங்கும் இடத்தில் கணிசமான பங்கு போய்விட்டது. பந்தயத்தில் அந்தப் பதினாலு கிலோவுக்காக உயிரைக் கொடுப்பார்கள். சாலையில் அது நஷ்ட வியாபாரம்.

மெக்பெர்சன் ஸ்ட்ரட் வைத்த வண்டிகளில் இன்னொரு வேடிக்கை நடக்கும். இறக்கும்போது எடைமையம் இறங்குவதைவிட வேகமாக, வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி இறங்கிவிடும். இரண்டுக்கும் இடையிலான நெம்புகோல் நீண்டு, இறக்கிய வண்டி முன்னைவிட அதிகம் சாய விரும்பும். பிறகு அதைத் தடுக்க இன்னும் கடினமான ஸ்பிரிங். ஆடு வாங்கி, ஆட்டுக்குக் கயிறு வாங்கி, கயிற்றுக்கு மரம் நட்ட கதை.

லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மனின் பள்ளிக்கூடம் இதற்கு நேர்மாறானது. 1962ல் வந்த எலான் எடை குறைந்த, மென்மையான ஸ்பிரிங் உள்ள வண்டி. சக்கரம் நீளமாக அசைய இடம் கொடுத்து, ஆட்டத்தை அடக்கும் வேலையை ஷாக்கிடம் ஒப்படைத்தது. எம்எக்ஸ்-5 பிறந்ததே அந்த எலானைப் பார்த்துத்தான். மாஸ்டா இன்றுவரை வண்டியைச் சற்றுச் சாய விடுகிறது. 2015 முதல் விற்பனைக்கு வந்த நான்காம் தலைமுறை சாய்கிறது என்று விமர்சகர்கள் குறை சொன்னார்கள். 2022 மாடலில் நிறுவனம் என்ன செய்தது தெரியுமா? ஸ்பிரிங்கைக் கடினப்படுத்தவில்லை. வேகமான திருப்பத்தில் உட்பக்கப் பின்சக்கரத்துக்கு மட்டும் மிக லேசாக பிரேக் கொடுக்கும்படி மென்பொருள் எழுதியது. பிரேக் பிடித்தால் பின்பக்கத்தைக் கீழே இழுக்கும் குணம் அந்த சஸ்பென்ஷனின் வடிவத்திலேயே இருக்கிறது. அதைப் பயன்படுத்தி உடலை அமுக்கிப் பிடித்தார்கள். ஒரு கிராம் எடை கூடவில்லை. சாய்வைக் குறைத்தாலும் அசைவுக்கான இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை என்பதே இதில் படிக்க வேண்டிய பாடம்.

ஷாக்: பணம் போக வேண்டிய இடம்

என்னைக் கேட்டால் பட்ஜெட்டின் பாதி இங்கே போகலாம். ஸ்பிரிங் ஒரு வளைத்த கம்பி. யார் செய்தாலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஷாக் அப்படியல்ல. எண்ணெயை நுண்ணிய துளைகளிலும் மெல்லிய தகடுகளிலும் பிதுக்கி அசைவை வெப்பமாக்கும் கருவி அது. தண்டு மெதுவாக நகரும்போது ஒரு குணம், வேகமாக நகரும்போது வேறு குணம் வேண்டும். வண்டி திருப்பத்தில் சாய்வதும் பிரேக்கில் மூக்கு குத்துவதும் மெதுவான அசைவுகள். அப்போது ஷாக் உறுதியாக நிற்க வேண்டும். பாலத்தின் இணைப்பில் சக்கரம் அடிபடுவது வேகமான அசைவு. அப்போது ஷாக் வழிவிட வேண்டும். நல்ல ஷாக் இந்த இரண்டையும் பிரித்தறியும். மலிவான ஷாக் இரண்டிலும் ஒரே முறைப்பாக இருக்கும். மட்கார்டை அமுக்கும் கை முதல் வகையை மட்டுமே சோதிக்கிறது; கடையில் பிரமாதமாகத் தெரிந்த ஷாக் சாலையில் பல்லை உடைப்பது அதனால்தான்.

விரிவதை அடக்கும் திறன் பொதுவாக அமுங்குவதை அடக்குவதைவிடக் கூடுதலாக இருக்கும். இதையும் அளவுக்கு மீறி இறுக்கினால் தொடர் மேடுகளில் சக்கரம் கீழே இறங்கி முடிப்பதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். ஒவ்வொரு மேட்டிலும் வண்டி கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து கடைசியில் கட்டைமேல் போய் உட்காரும். திருகு வைத்த ஷாக் வாங்கி எல்லாவற்றையும் கடைசிவரை இறுக்கி வைப்பவர்கள் அனுபவிப்பது இதை.

பெயர்களையும் பார்த்துவிடுவோம். எண்ணெய்க்குப் பின்னால் அழுத்திய வாயுவை வைக்கும் ஒற்றைக் குழாய் ஷாக் பிரெஞ்சு அறிவியலாளர் தெ கார்போனின் சிந்தனை. ஜெர்மனியின் பில்ஸ்டைன் அதை 1957ல் மெர்சிடிஸ் பென்ஸுக்காகப் பெருவாரியாகச் செய்தது. எண்ணெய் நுரைக்காது, சூடானாலும் குணம் மாறாது. எம்எக்ஸ்-5ன் விளையாட்டு ரகங்களில் தொழிற்சாலையே போடுவதும் பில்ஸ்டைன்தான். நெதர்லாந்தின் கோனி மஞ்சள் ஷாக்கில் விரிவை மட்டும் திருகலாம். நல்ல குணசாலி, வயதாக வயதாகத் திருகி ஈடுகட்டலாம். கென்த் ஓலின் 1976ல் சுவீடனில் தொடங்கிய ஓலின்ஸின் சாலை செட்டு விலை கூடுதல். வேகமான அடியை அமுங்கும்போதும் விரியும்போதும் ஒரேபோலத் திறந்துவிடும் அதன் வால்வு, கடினமான ஸ்பிரிங்கோடும் சவாரியைக் காப்பாற்றுகிறது. கேடபிள்யூ என்ற கம்பெனியின் மூன்று படிகளில் முதலாவதில் திருகு கிடையாது, இரண்டாவதில் விரிவுக்கு மட்டும், மூன்றாவதில் இரண்டுக்கும். என் அபிப்பிராயத்தில் பெரும்பாலோருக்கு முதல் படியோ இரண்டாவதோ போதும். திருகு கூடக் கூடத் தப்பாக வைக்கும் வழியும் கூடுகிறது.

மின்னணு ஷாக்குகள் தனி உலகம். இரும்புத்துகள் கலந்த எண்ணெயில் காந்தப்புலம் பாய்ச்சி, கண் சிமிட்டும் நேரத்துக்குள் அதன் தடிமனை மாற்றும் மேக்னரைட் 2002ல் கேடிலாக் செவில் காரில் முதலில் வந்தது, பிறகு கார்வெட். மென்மைக்கும் உறுதிக்கும் நடுவே ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கட்டாயத்தை அது உண்மையிலேயே தளர்த்தியது. அப்படிப்பட்ட வண்டி வைத்திருப்பவர் அதைக் கழற்றிவிட்டு, உயரத்தைத் திருகி மாற்றும் ஸ்பிரிங்-ஷாக் செட்டான சாதாரண காயில்ஓவர் மாட்டுவது எனக்குப் புரியாத செயல்.

காயில்ஓவர் என்றதும் மலிவு செட்டுகளைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. முப்பது படி திருகு, பளபளக்கும் நிறம், ஒரு நல்ல ஷாக் ஜோடியின் விலையில் நான்கு மூலைக்கும். ஷாக்கைக் குட்டையாகச் செய்ததால் இடம் குறைவு. இடம் குறைவு என்பதால் ஸ்பிரிங் கடினம். கடினமான ஸ்பிரிங்கை அடக்கும் தரம் வால்வில் இல்லை. இப்படி ஒரு வண்டியில் உட்கார்ந்து வந்த நண்பர் ஒருவர், சொந்தக்காரர் பெருமையோடு ‘எப்படி?’ என்று கேட்டபோது, பதில் சொல்ல வாயைத் திறந்தால் நாக்கைக் கடித்துக்கொள்வேனோ என்று பயந்து பேசாமல் இருந்தாராம்.

செட்டில் ஒரு நல்ல அம்சம் இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம்: ஷாக்கின் அடிப்பகுதி தனியாகத் திருகி நீளுமா? நீண்டால் ஸ்பிரிங்கின் இருக்கையைத் தொடாமலே உயரத்தை மாற்றலாம், ஷாக்கின் அசைவு இடம் அப்படியே இருக்கும். ஸ்பிரிங் இருக்கையை மேலேற்றி ‘ப்ரீலோடு’ கொடுத்தால் ஸ்பிரிங் கடினமாகும் என்று சொல்லும் மெக்கானிக்கிடம் வாதாட வேண்டாம். ஒரே சீரான ஸ்பிரிங் மில்லிமீட்டருக்கு 4 கிலோ என்றால் எங்கே வைத்தாலும் 4 கிலோதான்.

மீதிச் சாமான்கள்

ஆன்டி ரோல் பார் மலிவு, மாட்டுவது எளிது, சாய்வு உடனே குறையும். அதனால் முதலில் வாங்கத் தோன்றும். தடிமனான பார் இடதையும் வலதையும் கட்டிப்போடுகிறது. ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் விழுந்தாலும் மறுபக்கமும் சேர்ந்து உதறும். பின் பாரை மட்டும் தடிக்க வைத்தால் வண்டி உற்சாகமாகத் திரும்பும். ஆனால் உட்பக்கப் பின்சக்கரம் லேசாகி, சாதாரண டிஃபரென்ஷியல் உள்ள வண்டியில் அது சும்மா சுற்றும். முன்னால் ஒரு படி தடித்த பார், பின்னால் ஒரிஜினல் என்று தொடங்குவது சாலைக்கு ஒத்துவரும்.

சஸ்பென்ஷன் மூட்டுகளில் இருக்கும் புஷ்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அதுதான் துயரம். முப்பது வருடத்து எம்எக்ஸ்-5ல் ரப்பர் புஷ்கள் வெடித்து, விஷ்போன் தன்னிஷ்டப்படி நகரும். அதன்மேல் எந்தத் தங்க ஷாக்கைப் போட்டும் பயனில்லை. புதிய ரப்பர் புஷ் மாட்டும்போது ஒரே எச்சரிக்கை: வண்டி ஜாக்கியில் தொங்கும்போது போல்ட்டை முழுக்க இறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் நின்று, வண்டி தன் உயரத்துக்கு வந்த பிறகே இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே வாழ்ந்து சீக்கிரம் கிழியும், அதுவரை வண்டியின் உயரத்தையும் பொய்யாகக் காட்டும். பாலியுரித்தேன் புஷ் உறுதி. கிரீஸ் காய்ந்தால் கட்டில்போலக் கிறீச்சிடும். பால் ஜாயிண்ட் வகை புஷ் பந்தயத்துக்கு விட்டுவிடலாம்.

அலைன்மென்ட் எல்லாவற்றுக்கும் கடைசியில் வந்தாலும் செலவுக்குப் பலன் அதில்தான் அதிகம். சாலை எம்எக்ஸ்-5க்கு முன்பக்கம் எதிர்மறை கேம்பர் (சக்கரத்தின் தலை உள்ளே சாய்வது) ஒரு டிகிரி அளவில், பின்பக்கம் ஒன்றரைக்குள், டோ (மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் திரும்பியிருக்கும் கோணம்) மிகச் சிறிதாக உள்நோக்கி என்பது பலர் ஓட்டித் தேர்ந்த இடம். டயரைத் தின்பது கேம்பர் என்று பழி போடுவார்கள். பெரும்பாலும் தின்றது டோ. சக்கரம் ஏறி இறங்கும்போது டோ மாறினால் என்ன ஆகும் என்பதை ஹோண்டா எஸ்2000 காட்டியது. 1999ல் வந்த முதல் வடிவத்தில் பின்சக்கரத்தின் கோணம் அசைவோடு கணிசமாக மாறியது. மேடுள்ள ஈரத் திருப்பத்தில் பலரைத் திணறடித்தது. 2004ல் நிறுவனமே பின் அமைப்பைத் திருத்தி அந்த மாற்றத்தைக் குறைத்தது. தொழிற்சாலை கணக்கிட்ட உயரத்திலேயே இப்படி என்றால், கண்ணளவில் இரண்டு அங்குலம் இறக்கியவர் எந்தக் கோணத்தில் ஓட்டுகிறார் என்பது அவருக்கே தெரியாது.

டயரும் ஒரு ஸ்பிரிங். முதல் தலைமுறையின் 185/60 அளவு 14 அங்குல டயரில் பக்கச்சுவர் 111 மி.மீ.; இன்றைய 205/45 அளவு 17 அங்குலத்தில் 92. பெரிய வீல் மாட்டுகிறவர் 19 மி.மீ. சஸ்பென்ஷனைத் தூக்கி எறிகிறார், எடையும் கூட்டுகிறார். அளவு குறைந்த இலகுவான வீல் ஒன்றே பாதிச் சிகிச்சை.

வேகத்தடைக்கு முன்னால்

எம்எக்ஸ்-5 இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்கப்பட்டதில்லை என்றாலும், நம் சாலைகளில் ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு கணக்கு உதவும். இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம், 17 மீட்டர் ஆர வட்டத்தின் துண்டு. அப்படிக் கட்டிய தடையில் 2.3 மீட்டர் வீல்பேஸ் வண்டி ஏறினால் நடு வயிற்றுக்குத் தேவையான இடைவெளி 4 செ.மீ.தான். இறக்கிய வண்டியும் தாண்டிவிடும். ஆனால் தெருமுனையில் ஊர்க்காரர்கள் ஒரே இரவில் கொட்டிய அரை மீட்டர் அகலத் தடை முழுசாக இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் நிற்கும். அங்கே 10 செ.மீ. மொத்தமும் வேண்டும், வண்டி அமுங்கும் அளவு அதற்கு மேல். உயரத்தைத் தீர்மானிக்கும் முன் அன்றாடம் போகும் வழியில் உள்ள மோசமான தடையை டேப் வைத்து அளந்துவிடுங்கள். சட்டமும் உண்டு. ஜெர்மனியில் மாற்றிய பாகத்துக்குச் சோதனைச் சான்று வேண்டும். ஜப்பானில் தரையிலிருந்து 9 செ.மீ. இடைவெளி கட்டாயம். இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தயாரிப்பாளரின் அளவுகளிலிருந்து விலகுவதையே தடுக்கிறது.

இத்தனையும் பார்த்த பிறகு நான் போகும் வரிசை இது. முதலில் புஷ், டாப் மவுண்ட், டயர் எல்லாம் புதிதாக, உயரம் ஒரிஜினலிலேயே. அப்படியே ஒரு மாதம். பலருக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படாது; அவர்கள் குறை சொன்னது பழுதையே தவிர வடிவமைப்பையல்ல. பிறகும் ஆட்டம் மிஞ்சினால் நல்ல ஷாக், ஒரிஜினல் ஸ்பிரிங்கோடு. அதன் பிறகும் மனசு கேட்காவிட்டால் 15 மி.மீ. மட்டும் இறக்கி, 1.7 ஹெர்ட்ஸ் பக்கம் ஸ்பிரிங், பின்பக்கம் தாளம் கொஞ்சம் முந்தும்படி. கடைசியில் ஓட்டுநர் இருக்கையில் அவர் எடை வைத்து நான்கு தராசில் சமன் பார்த்து அலைன்மென்ட்.

ஒவ்வொரு படியிலும் ஒரு ரூபாய்ச் சோதனை உண்டு. ஷாக் தண்டில் ஒரு கேபிள் டையை இறுக்கமாகக் கட்டி, உடலோடு ஒட்டிக் கீழே தள்ளிவிடுங்கள். வழக்கமான சாலையில் வழக்கமான வேகத்தில் ஒரு வாரம் ஓட்டுங்கள். அமுங்கும்போதெல்லாம் ஷாக் உடல் அந்த டையைத் தண்டின் மேலே தள்ளிக்கொண்டு போயிருக்கும். அது நின்ற இடம்தான் அந்த வாரத்தின் மிகப்பெரிய அடி. டைக்கும் ரப்பர் கட்டைக்கும் நடுவே விரல் நுழைய இடம் இருந்தால் இன்னும் கொஞ்சம் இறக்கலாம். டை கட்டைக்குள் புதைந்து கிடந்தால், ஸ்பேனரை எடுத்து மேலே ஏற்ற வேண்டியதுதான்.